எழுந்தவள் நீட்டிய கை

மார்ச் 4, செவ்வாய்

முழங்கால் இன்றும் மக்கர் செய்தது. தற்காப்பு வகுப்பில் மூன்று முறை விழுந்து காட்டினேன். நான்காவதற்கு மாத்திரையை விழச் சொல்லிவிட்டேன். மருந்துக்கடையில் வேலை பார்ப்பதால் வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர். பதினோரு பெண்களில் அவள் விழுவதுதான் அழகு. தாடை நெஞ்சோடு ஒட்டிவிடும். கையை ஊன்ற மாட்டாள். முதுகு உருண்டு இறங்கும்போதே முழங்கால் மடங்கி, பாதம் எதிரி பக்கம் திரும்பிவிடும். எழுவதும் அப்படியே: ஒரு கை முகத்துக்குக் காவல், இன்னொரு கை தரையில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, காலைப் பின்னால் இழுத்து எழுந்துவிடுவாள்.

மூன்று வருடத்துக்கு முன் வந்தபோது, யாராவது உரக்கப் பேசினாலே ஒடுங்கிப்போவாள். பிரிந்துபோன புருஷன் செய்துவைத்த வேலை. இன்று என்னையே புரட்டிப் போட்டாள். போட்டுவிட்டு, வழக்கம்போல் குனிந்து கை கொடுத்தாள். என் வகுப்பில் அது சட்டம். தள்ளியவள்தான் தூக்கிவிட வேண்டும். இங்கே யாரும் யாருக்கும் விரோதி இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

மார்ச் 8, சனி

மாத்திரையின் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். அந்தப் புருஷன் அவள் கடைக்குக் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருந்திருக்கிறான். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. பின்மண்டையில் ஒன்பது தையல்.

அந்த அம்மா திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டார். "மூணு வருஷமா கத்துக்கிட்டாளே டீச்சர், அப்புறம் எப்படி?"

எனக்கும் அதே கேள்விதான். பயத்தில் கையை ஊன்றி விழுந்துவிட்டாளா? அவளா?

மார்ச் 11

வகுப்பு வேண்டாம் என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 14

விசாரணை அதிகாரி கூப்பிட்டிருந்தார். கேமராவில் பதிந்ததைக் காட்டினார். சத்தம் கிடையாது, படம் மட்டும்.

அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறான். அவள் விழுகிறாள் — எவ்வளவு சரியாக! சிமெண்டுத் தரை, தலை படவே இல்லை. அவன் மேலே பாய வருகிறான். கால் உயர்கிறது, முழங்காலில் ஒரே உதை. அவன் சுருண்டு விழுகிறான். இவள் இடுப்பைத் தூக்கி, காலை இழுத்து, எழுந்து நிற்கிறாள். பின்னால் படிக்கட்டு, பத்தடிகூட இருக்காது. ஓடலாம்.

ஓடவில்லை. ஓரடி முன்னால் வைத்து, குனிந்து, அவனுக்குக் கை நீட்டுகிறாள்.

அந்தக் கையைப் பிடித்துத்தான் முறுக்கி, அவள் தலையைத் தரையில் மோதியிருக்கிறான்.

"எதுக்கு மேடம் இந்தப் பொண்ணு அவனுக்குக் கை கொடுக்குது?" என்று கேட்டார் அதிகாரி. தெரியவில்லை என்றேன். எவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது.

மார்ச் 15

வாரம் இரண்டு வகுப்பு. வகுப்புக்கு இருபது முறை என்றாலும் மூன்று வருடத்தில் ஆறாயிரம் தடவை. ஆறாயிரம் தடவை குனிந்து கை கொடுக்க வைத்திருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது, கீழே கிடக்கிறவனை அப்படியே விட்டுட்டு ஓடுடின்னு சொன்னேனா? சொல்லலையே. மரியாதை கத்துக்கொடுக்கிறேன்னு பெருமையடிச்சுக்கிட்டேன். நான்தான் செஞ்சேன். அவன் இல்ல, நான்.

ஏப்ரல் 2

இன்றுதான் அவளைப் போய்ப் பார்க்கத் துணிச்சல் வந்தது. கை முழுக்கக் கட்டு. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவன்மேல இன்னும் பாசம் வச்சிருக்கியான்னு அம்மா கேக்கறாங்கக்கா. இல்லன்னுதான் சொன்னேன். ஆனா கை நீட்டினது நான்தானே? அப்ப உள்ளுக்குள்ள இருக்கோ என்னவோ. எனக்கே என்னைப் பாத்தா அருவருப்பா இருக்கு."

அது பாசம் இல்லை என்று எனக்குத் தெரியும். என்ன என்றும் தெரியும். வாய் வரை வந்தது. தலையணையைச் சரிசெய்துவிட்டு, ஆரஞ்சு உரித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 3

ஆரஞ்சு உரித்தேனாம். தூ.

மே 20

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவ பொழச்சிட்டா. நீ ஏன் வலியப் போய் மாட்டிக்கற? ஊர்ல ஒருத்தி உன்கிட்ட கத்துக்க வருவாளா?" என்றார். கெட்டவர் இல்லை. என் இருபது வருட உழைப்பைப் பார்த்தவர். அவர் சொன்னதும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது, அதுதான் அசிங்கம்.

ஜூன் 19

கோர்ட்டுக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.

அவனுடைய வக்கீல் அந்தப் படத்தை மூன்று முறை ஓட்டிக் காட்டினார். கை நீட்டும் இடத்தில் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். உயிருக்குப் பயந்தவள் கை கொடுப்பாளா, இது புருஷன் பெண்டாட்டிக்குள் நடந்த தள்ளுமுள்ளு, அந்தப் பெண்ணே சமாதானத்துக்கு வந்திருக்கிறாள் என்றார். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் கட்டு பிரித்த கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தாள். ஏன் கை கொடுத்தீர்கள் என்று அவளையே கேட்டார். "தெரியல சார்" என்றாள்.

வெளியே வந்து அரசு வக்கீலை நிறுத்திச் சொல்லிவிட்டேன். எழுதித் தருவீர்களா என்றார். அங்கேயே எழுதினேன். இரண்டு தாள் வீணாகிவிட்டது.

ஜூலை 8

கூண்டில் ஏறினேன். என்னென்னவோ தயார் செய்துகொண்டு போயிருந்தேன், எல்லாம் மறந்துபோயிற்று. "அது பாசம் இல்லைங்க, பழக்கம். கீழ விழுந்தவங்களுக்குக் கை கொடுக்கணும்னு நான்தான் பழக்கினேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவன் வக்கீல் எழுந்தார். "அப்போ இந்தக் காயத்துக்கு உங்க பயிற்சிதான் காரணமா?"

"ஆமாங்க, அதுவும் காரணம்தான்."

அவள் தலை நிமிர்ந்தது. என்னையே பார்த்தாள். நான்கு மாதமாகத் தெரிந்திருந்தும் சொல்லாமல் இருந்தேன் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். என்னைக் கடந்து போனபோது அவள் திரும்பவில்லை. அம்மாதான் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் அடி வாங்கியிருக்கலாம்.

ஜூலை 12

வகுப்பு நடத்திய மண்டபத்துக்காரர்கள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. மாணவிகளில் ஒருத்திகூட ஃபோன் எடுக்கவில்லை. விழுந்து பழகும் மேட் எல்லாம் படுக்கையறையில் கூரைவரை அடுக்கியிருக்கிறது. ஜன்னலைத் திறக்க வழியில்லை.

ஜூலை 30

எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. எழுந்து என்ன செய்ய?

ஆகஸ்ட் 27

அவனுக்கு மூன்று வருடம். அரசு வக்கீல் சொன்னார். அவள் வீட்டுக்குப் பேசினேன். அம்மா எடுத்தார். அவளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டு வந்து, தூங்குகிறாள் என்றார். மத்தியானம் பன்னிரண்டு மணி.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால், அவள்.

உள்ளே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மன்னிப்பு என்று நான் ஆரம்பித்ததும் கையமர்த்தினாள். "சொல்லியிருக்கலாம்க்கா. நாலு மாசம் நான் என்னையே பைத்தியம்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள். கோபம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

அப்புறம் கூடத்து மேஜையை இடது கையால் சுவரோரமாகத் தள்ளினாள். மேட் எடுக்கப் போனேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெறும் தரையில் மல்லாந்து படுத்தாள்.

"வலது கை இனிமே பாரமும் தாங்காது, அடியும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இடது கையை ஊன்றி எந்திரிச்சா முகத்தை எதால மறைக்கறது?"

இருபது வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை என்றேன்.

"பாக்கலாம்" என்றாள், கூரையைப் பார்த்தபடி.

கதவைத் தாழிட்டுவிட்டு, என் வலது கையை இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டு, அவள் பக்கத்தில் நானும் படுத்தேன்.