ஆறு முன்னூறு அடி கீழே

24 டிசம்பர் 2025, புதன்

மழை விட்டு நாலு நாள் ஆகிறது. உப்பளத்தில் இன்னும் வெள்ளம் நிற்கிறது. பொங்கல் தாண்டித்தான் பாத்தியைத் தொடுவார்கள். லாரி இல்லை, எடை மேடையில் எனக்கும் வேலை இல்லை. வேலையில்லாத குமாஸ்தாவுக்கு யோசனை வரும். இந்த வருஷம் வந்த யோசனை கண்டிக்கோட்டா. ஆந்திராவில் பெண்ணாறு பாறையை அறுத்துக்கொண்டு போகும் பள்ளத்தாக்கு. பெயின்டர் பாஸ்கல் குடும்பமும் நாங்களும் ஒரே வேனில் போகிறோம். அவனுக்குக் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு.

"நீ ஏற்கனவே போயிருக்கியாடா?" என்று பாஸ்கல் கேட்டான்.

"ரெண்டு தடவை" என்றேன்.

ஏன் சொன்னேன்? வாய் திறந்திருந்தது, வந்துவிட்டது. போனதெல்லாம் போனில் வீடியோ பார்த்ததுதான்.

அமுதவல்லி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க ஏறின மலை உப்புக் குவியல் ஒண்ணுதான்." மனைவியாக வாய்த்தவளுக்கு இவ்வளவு ஞாபகசக்தி கூடாது.

27 டிசம்பர், சனி. கண்டிக்கோட்டா

எங்கள் ஊரில் நிலம் முடிந்தால் கடல் வரும், கால் நனையும், அவ்வளவுதான். இங்கே கோட்டைக்குப் பின்னால் நிலம் சட்டென்று முடிந்து, வெறும் காற்று ஆரம்பிக்கிறது. சிவப்புப் பாறைகள் யாரோ அடுக்கிவைத்துவிட்டு மறந்துபோன மாதிரி நிற்கின்றன. அடியில் பச்சையாக ஒரு கோடு. அதுதான் ஆறாம்.

பெண்கள் கோட்டையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "வழி எனக்குத் தெரியும், வாடா" என்று பாஸ்கலுக்கு முன்னால் இறங்கினேன். கொஞ்சம் கீழே ஒரு விளிம்பு, இரண்டு பாதம் அகலம். சின்ன வயசிலிருந்து பாத்தி வரப்பில் நடந்தவனுக்கு இது போதாதா என்று காலை வைத்தேன். வரப்புக்கு இரண்டு பக்கமும் கணுக்கால் தண்ணீர். இதற்கு ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் முன்னூறு அடி. இந்த வித்தியாசம் மூன்றாவது அடி வைத்த பிறகுதான் புத்தியில் ஏறியது.

கை பாறையோடு ஒட்டிக்கொண்டது. கால் என் பேச்சைக் கேட்கவில்லை. "அம்மா" என்று கத்தினேன். அம்மா போய்ப் பதினோரு வருஷம்.

பாஸ்கல் செருப்பைக் கழற்றிவிட்டு, மாடிப்படி இறங்குகிறவன் மாதிரி வந்து எனக்கு முதுகு காட்டி நின்றான்.

"டேய் தேசப்பா, கீழ பாக்காத. என் கழுத்தப் பாரு. இன்னா இருக்குது, சொல்லு."

"மச்சம்."

"அதையே பாத்துக்கினு பின்னாடி வா."

அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த மச்சத்தையே பார்த்துக்கொண்டு மேலே வந்தேன். பேண்ட் நனைந்திருந்தது. ஆற்றுத் தண்ணீர் என்று எழுதிவைக்கிறேன். பாஸ்கல் தன் துண்டை என் இடுப்பில் கட்டிவிட்டான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதடா" என்றேன்.

"இன்னாத்த?" என்றான்.

2 ஜனவரி 2026, வெள்ளி

டீக்கடை. ஊருக்கு வந்தவன் கதை சொல்லாமல் இருக்க முடியுமா? ஆறு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பாறையில் ஒருத்தன் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு "அம்மா"ன்னு கத்தினதை நடித்துக் காட்டினேன். நடராசனுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது.

"யாருப்பா அது?" என்று இருமிக்கொண்டே கேட்டான்.

அந்த ஒரு நொடி. நான் என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் சிரித்திருப்பார்கள்.

"நம்ம பாஸ்கல்தான். நான்தான் இழுத்துக்கினு வந்தேன்."

நிமிர்ந்தால் பாஸ்கல் கடைவாசலில் நிற்கிறான். எப்போது வந்தானோ. என்னைப் பார்த்தான். டீயை வாங்கி நின்றபடியே குடித்துவிட்டுப் போனான். சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன் — நான் எங்கே அவன் முகத்தைப் பார்த்தேன்?

8 ஜனவரி, வியாழன்

கதை பக்கத்து ஊர் எக்கியார்குப்பம் வரை போய்த் திரும்பி வந்துவிட்டது. திரும்பி வரும்போது அதில் பாஸ்கல் மயக்கம் போட்டு விழுந்திருந்தான்.

12 ஜனவரி, திங்கள்

பாஸ்கல் மனைவி அந்தோணிமேரி வந்திருந்தாள். உட்காரவில்லை.

பிப்ரவரி மாதாத் திருவிழாவுக்கு முன்னால் கோயில் கோபுரத்துக்கு வெள்ளை அடிப்பது எப்போதும் பாஸ்கல்தான். உப்பளத்தில் எந்த வரப்பில் நின்றாலும் தெரிகிற ஒரே உயரம் அது. இந்த வருஷம் அவனுக்கு இல்லையாம். கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவை லாரன்ஸ் முடிவாகச் சொல்லிவிட்டாராம்: மயக்கம் வர்றவன மேல ஏத்திட்டு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?

"ரெண்டு மாடி வீட்டு வேலை ஒண்ணும் கை மாறிப்போச்சு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அவரு நெஜமாவே பயந்தாரா? அத மட்டும் சொல்லுங்க. வீட்ல கேட்டா தேசப்பனக் கேளுன்றாரு."

தேசப்பனைக் கேளு. என்னைக் காட்டிக்கொடுக்காமல், முடிவை என் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

நான் என்ன செய்தேன்? யாரோ கூப்பிடுகிற மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது.

அவள் போன பிறகு அமுதவல்லி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அன்னிக்கு உங்க இடுப்புல இருந்தது யார் துண்டு?"

தூ, நீயெல்லாம் ஒரு மனுஷனாடா தேசப்பா.

14 ஜனவரி, புதன்

லாரன்ஸ் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். விளிம்பு, அம்மா, மச்சம், எல்லாம். சொல்லும்போதே அவர் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது.

"ஏம்பா, சிநேகிதனுக்காக இன்னாமா கதை கட்ற! அந்த அம்மான்னு கத்துனத மட்டும் இன்னொரு வாட்டி பண்ணிக் காட்டு."

"சத்தியமா சார்."

"போன வருஷம் உங்க கிணத்துல சுறா விழுந்துதுன்னு கூடத்தான் சத்தியம் பண்ண." காபி கொடுத்து அனுப்பினார். பாஸ்கலுக்குப் பதிலாக வெள்ளை அடிக்கப் புதுச்சேரி ஆட்கள் சனிக்கிழமை வந்து சாரம் கட்டுகிறார்களாம்.

முப்பது வருஷமாகப் பொய் சொல்லிச் சிரிக்க வைத்தேன். நேற்று வரை அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

18 ஜனவரி, ஞாயிறு

பூசை முடிந்து ஊரே வாசலில் நின்ற நேரம் பார்த்துச் சாரத்தில் ஏறினேன். கீழே ஒரே கைதட்டல். "தேசப்பன் ஆரம்பிச்சுட்டான்டா!" ஏறும்போது ஒரே கவலை: இன்றைக்குப் பார்த்து பயம் வராமல் போய்விட்டால்? அந்தக் கவலை இரண்டாம் தட்டிலேயே தீர்ந்தது. தெரியாமல் கீழே பார்த்துவிட்டேன்.

சவுக்குக் கழியைக் கட்டிப்பிடித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அதற்கும் சிரிப்பு. "சூப்பர்டா!" என்று ஒருத்தன். எவ்வளவு நேரமோ தெரியாது. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். லாரன்ஸ் குரல்: "டேய், அவன் நடிக்கலடா. யாராவது ஏறுங்கப்பா."

சாரம் ஆடியது. எனக்குத் தெரிந்த மச்சம் என் முன்னால் வந்து நின்றது.

"கழுத்தப் பாரு" என்றான். அவ்வளவுதான்.

கீழே வந்ததும் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்: "அன்னிக்கும் இதான் நடந்துது. ஒட்டிக்கினு இருந்தது நானு. கூட்டிக்கினு வந்தது அவன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தோணிமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாஸ்கல் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனான்.

27 ஜனவரி, செவ்வாய்

எடை மேடையிலிருந்து பார்த்தால் கோபுரத்தில் வெள்ளையாக ஒரு ஆள் தெரிகிறது. பாஸ்கல்தான். புதுச்சேரி ஆட்களுக்கு மதில் சுவர். எனக்கு ஊரில் 'பல்லி' என்று பெயராகிவிட்டது. வழியில் பார்த்தால் பாஸ்கல் பேசுவதில்லை. பேசச் சொல்ல நான் யார்?

11 பிப்ரவரி, புதன்

மாதாத் திருவிழா. மாலை டீக்கடையில் வெளியூர் டிரைவர் ஒருத்தர், "நீங்கதானே அந்தப் பல்லி? சொல்லுங்கண்ணே" என்றார். சொன்னேன். பெயர் மாற்றாமல், முதலிலிருந்து கடைசி வரை. அடுத்த பெஞ்சில் எனக்கு முதுகு காட்டி பாஸ்கல் உட்கார்ந்திருந்தான். கழுத்து மச்சத்தின் மேல் ஒரு சொட்டு வெள்ளை பெயின்ட்.

திரும்பாமலே கேட்டான். "முடிச்சிட்டியா?"

"ஆச்சு."

"பேண்ட்ட விட்டுட்ட."



"அது ஆத்துத் தண்ணிடா" என்றேன்.

"ஆறு முன்னூறு அடி கீழ இருந்துது."

நடராசனுக்கு மறுபடியும் டீ மூக்கில் ஏறியது. பாஸ்கல் தோள் குலுங்கியது. இந்தத் தடவை முகத்தைப் பார்த்தேன், சிரிப்புதான்.

வீட்டுக்கு வந்து டிசம்பர் 27 பக்கத்தைத் திருப்பினேன். 'ஆற்றுத் தண்ணீர்' என்று இருந்ததை அடித்துவிட்டேன்.