காலி நாற்காலியில் அமர்ந்தவர்

அப்பாவுக்கு,

வருகைப் பதிவேட்டில் பெயரை விட்டுவிட்டு முகவரியை மட்டும் எழுதியிருந்தீர்கள். அதற்குத்தான் இதை அனுப்புகிறேன்.

கிராக்கோவ் கலைக் கண்காட்சியில் நீங்கள் பார்த்த ஓக் மர மேசை நான் செய்தது. வருகிறவர்களுக்கு ரொட்டியும் உப்பும் கொடுத்து உட்காரவைப்போம். அவரவர் தட்டிலுள்ள ஈரக் களிமண்ணில் கையைப் பதித்துவிட்டுப் போவார்கள். எதிர்பாராத விருந்தாளிக்கென்று ஒரு இடமும் விட்டிருந்தேன். "நம்மாளுங்க ஒருத்தரும் அதுல உட்கார மாட்டாங்க, பாரு," என்று உடன் வேலைசெய்யும் பொஜேனா கேலி செய்தாள். நேற்றுவரை பத்து நாளும் காலியாகத்தான் கிடந்தது.

நேற்று நீங்கள் வந்து, "இங்க உட்காரலாமாம்மா?" என்றீர்கள்.

"உங்களுக்காகத்தான் வச்சிருக்கு, ஐயா."

எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டேன்.

மாலையில் தட்டுகளை எடுக்கும்போதுதான் உங்கள் தட்டைப் பார்த்தேன். எல்லோரும் வலது கையைப் பதித்திருக்க, அதில் மட்டும் இடது கை. நாலே விரல். ரம்பம் சுண்டுவிரலைக் கொண்டுபோன அந்தக் காயத்தை, நீங்கள் வீட்டை விட்டுப் போகும் முன், ஏழு வயதில் நான் ஊதிவிட்டிருக்கிறேன்.

அந்தத் தட்டைச் சூளைக்கு அனுப்பவில்லை. ஈரத் துணி போர்த்தி வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் நம் போலந்தில் எல்லா வீட்டிலும் எதிர்பாராத விருந்தாளிக்காக ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள். நீங்கள் போன பிறகு நம் வீட்டில் அம்மா அந்தத் தட்டுக்கு மட்டும் கரண்டியை இடப்பக்கம் வைப்பாள். ஏனென்று நேற்றுதான் புரிந்தது.

உங்களை 'ஐயா' என்று கூப்பிட்ட
மகள்