போலீஸ் பட்டியலில் உன் வீட்டு நம்பர்

இன்று காலை எங்கள் ஷெட்டில் கிரீஸ் வாசனை தூக்கலாக இருந்தது. என் மூத்த மகன் கிரேன் லாரியின் சங்கிலிக்குக் கண்ணி கண்ணியாகக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தான். விபத்து நடந்தால் போலீஸ் கூப்பிடுகிற வண்டிகளின் பட்டியலைப் புதுப்பிக்கிறார்களாம், அதற்காகப் பார்வையிட வருகிறார்களாம். வந்த ஆள் சங்கிலியைப் படம் பிடித்தார், சுவரைப் படம் பிடித்தார், காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். மொத்தம் பத்து நிமிஷம்! எனக்கு வந்த எரிச்சலை வேறு யாரிடம் சொல்ல? நீ போய் நாற்பது நாளாகிறது. இருந்தாலும் உன்னிடம்தான் சொல்ல வருகிறது.

அந்தப் பட்டியலில் ஏறுவதற்கு நாம் பட்ட பாடு உனக்கு மறந்திருக்காது. எழுபதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் மிலிட்டரி ஏலத்தில் ஒரு பழைய லாரியை எடுத்து, பின்னால் கிரேன் பொருத்தி வைத்திருந்தார். ஸ்டேஷன் பட்டியலில் அப்போது இரண்டு வண்டிகள்தான். முறை வைத்துக் கூப்பிடுவார்கள். முறை வந்தவன் கிடைக்காவிட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும், தவறியவன் கடைசிக்குப் போக வேண்டியதுதான். மூன்றாவதாக நாங்கள் ஏறினால் பிழைத்தோம், இல்லாவிட்டால் லாரியை இரும்புக் கடைக்குத் தள்ள வேண்டியதுதான் என்கிற நிலைமை.

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். பிரேக் பார்த்தார், கயிற்றின் கனம் பார்த்தார், சிவப்புக் கொடியும் விளக்கும் இருக்கிறதா என்று கேட்டார். பிடித்து வருகிற வண்டியும் அதிலிருக்கிற சரக்கும் கோர்ட்டு விடுகிற வரைக்கும் பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஷெட்டின் சுவரைத் தன் கையாலேயே அளந்தார். டிரைவர் மேல் கேஸ் உண்டா என்று விசாரித்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் கேட்டார்: "போன் எங்கே?"

போன்! அந்தக் காலத்தில் எழுதிப் போட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நீ நம் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவருக்கு மேலே தலையை நீட்டி, "எங்க வீட்ல இருக்குது சார், நம்பர எழுதிக்கோங்க" என்றாய். மெட்ராஸ் பட்டுக் கடைகளோடு பேசுவதற்காக உன் வீட்டுக்காரர் வாங்கி வைத்த போன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர், "நீ யாரும்மா?" என்றதற்கு, "இவ எனுக்குத் தங்கச்சி" என்று வேறு புளுகினாய். உன்னைவிட நான் மூன்று மாதம் பெரியவள்.

அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு மாதத்துக்குள் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் கூப்பிடுவேன். சொன்ன இடத்துக்கு அரை மணியில் வண்டி வரவேண்டும். வராவிட்டால் இந்தப் பக்கமே வராதே என்றார்.

அன்றிலிருந்து நீ போனுக்குக் காவல். ராட்டையைத் தூக்கிக்கொண்டுவந்து போனுக்குக் கீழே போட்டு, நூல் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். குளிக்கப் போனால்கூட உன் மகளை அங்கே உட்கார வைத்துவிட்டுப் போனாய். நான் உட்காரலாம்தான். எனக்கு அந்தக் கருவியைக் கண்டாலே நடுக்கம். ஒருதரம் நான் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பேச, சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறியது நினைவிருக்கிறதா? "வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருக்கிறே? பேசுடி" என்பாய்.

இருபது நாள் போயிருக்கும். கருட சேவை வந்தது. உங்கள் வீட்டில் எல்லோரும் ஏகாம்பரநாதருக்குத்தான் என்று வீராப்புப் பேசுவார்கள், நீ மட்டும் கல்யாணமாகி வந்ததிலிருந்து கருடன் மேல் வரும் பெருமாளை ஒரு வருஷமும் விட்டதில்லை. மேளச் சத்தம் நம் தெருமுனைக்கே வந்துவிட்டது. "நீ போய்ப் பாத்துட்டு வா, நான் இருக்கேன்" என்றேன்.

"நீ இருந்து? அவங்க அல்லோன்னு சொன்னா நீ அழுதுடுவே. கம்முனு உக்காரு."

சொல்லி வாய் மூடவில்லை, மணி அடித்தது. நீ எடுத்தாய். ஓரிக்கை ரோட்டில் ஒரு ஜீப் பள்ளத்தில் இறங்கிவிட்டது, அரை மணியில் வண்டி வேண்டும் என்றார் ஏட்டு. அவர் குரல் எனக்கே கேட்டது.

"ஆளுங்களுக்கு அடி பட்டுச்சா?" என்று கேட்டாய்.

வெறும் சோதனைக்குக் கூப்பிட்டவருக்கு அது எப்படித் தெரியும்? "இல்ல... இருக்கலாம்" என்றார்.

"இருக்கலாமா? அதக்கூட பாக்காமயா போன் பண்றே? மொதல்ல ஆள பாருய்யா, வண்டி வந்துக்கினே இருக்குது!" என்று வைத்துவிட்டு, சுவருக்கு மேலே என் வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிட்டாய்.

லாரி தெருவில் இறங்கியதும்தான் விஷயம் புரிந்தது. முன்பக்கம் சாமி நிற்கிறது, கூட்டத்தில் ஊசி விழ இடமில்லை. சாமியைத் தாண்டி எந்த வண்டி போகும்? இருந்த ஒரே வழி பின்பக்கச் சந்து. அதில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் உங்கள் வீட்டுப் பாவு நீட்டியிருந்தது. கல்யாணச் சேலைகளுக்காகத் தறியில் ஏற்ற வேண்டிய பட்டு இழைகள். கருட சேவையாவது ஒன்றாவது என்று உன் வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார். பாவைப் பாதியில் தளர்த்தினால் இழையெல்லாம் கலைந்துபோகும் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் என்ஜினை அணைத்துவிட்டார். "விடும்மா, நம்ம நேரம் அவ்ளோதான்" என்றார். நான் அழ ஆரம்பித்திருந்தேன்.

நீ நேரே போய்ப் பாவு கட்டியிருந்த முளையில் கை வைத்தாய்.

"பைத்தியமா உனுக்கு? முகூர்த்தப் பாவுடி!" என்று உன் வீட்டுக்காரர் பாய்ந்து வந்தார்.

"கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்குது. இவங்களுக்கு அரை மணிதான் இருக்குது. அந்தத் தலைய நீ புடி" என்றாய்.

அவர் பிடிக்கவில்லை. நீ ஒருத்தியாகவே அவிழ்த்தாய். வேறு வழியில்லாமல் மறுமுனைக்கு அவர் ஓடினார். வைதுகொண்டேதான் ஓடினார். பட்டு இழைகளை இரண்டு பேருமாக அள்ளிச் சுவரோரம் ஒதுக்க, லாரி போனது. நீ சிவப்புக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு சந்தின் கடைசிவரைக்கும் லாரிக்கு முன்னால் ஓடினாய்.

இரண்டு நிமிஷம் மிச்சமிருக்கப் போய்ச் சேர்ந்தார் என் வீட்டுக்காரர். பள்ளமும் இல்லை, ஜீப் மரத்தடியில் நின்றதாம். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "போன்ல எங்க ஏட்டையே வாங்கு வாங்குன்னு வாங்கினது யாருய்யா? மத்தவன்லாம் எந்த வண்டின்னுதான் கேப்பான். அந்தம்மாதான் போன் எடுப்பாங்கன்னா சொல்லு, உன் பேர எழுதிக்கறேன்" என்றாராம். என் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டு வந்தார். எங்கள் அடுப்பு அதற்குப் பிறகு அணையவில்லை.

நீ அந்த வருஷம் கருடனைப் பார்க்கவில்லை. மூன்று நாள் நானும் நீயும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இழை பிரித்தோம். உன் வீட்டுக்காரர் நம் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் என்னைப் பார்த்து, "குடிக்கத் தண்ணி குடும்மா" என்றார். அவர் தலை மறைந்ததும் நாம் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்த மாதிரி நான் யாரோடும் சிரித்ததில்லை.

ஐந்தாறு வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்கே போன் வந்தது. முதலில் உன்னைத்தான் கூப்பிட்டேன், நேராகவே பிடித்துக்கொண்டு. "இனிமே எனுக்கு ஓய்வுடி. போலீஸ்காரங்க கிட்ட புது நம்பர குடுத்துடு" என்றாய். மறுநாளே என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கச் சொல்லி என்னை ஸ்டேஷனுக்கு அனுப்பினார்.

அதற்கப்புறமும் அழைப்பு உனக்குத்தான் வந்தது. வருஷக்கணக்காக வந்தது. நீ முதலில் ஆளைப் பற்றிக் கேட்பாய், பிறகு சுவருக்கு மேலே என் பேரைச் சொல்லிக் கத்துவாய். ஒவ்வொரு தடவையும் அவர்களைத் திட்டுவாய். "இன்னும் நம்பர மாத்தல பாரு. இந்த ஸ்டேஷன் மாதிரி சோம்பேறிக் கூட்டத்த நான் பாத்ததே இல்ல." நானும் ஆமாம் போடுவேன். கடைசியாக ஆஸ்பத்திரியில்கூட அதைச் சொல்லித் திட்டினாய், நானும் தலையாட்டினேன்.

அவர்கள் மேல் தப்பில்லைடி. அன்றைக்கு நான் ஸ்டேஷன் வாசல்வரைக்கும் போனேன். எழுதின சீட்டு கையில்தான் இருந்தது. சுவருக்கு மேலே உன் குரல் கேட்காமல் போய்விடுமே என்று உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.