வேப்பமரத்து வாசற்கால்

மூலக்குளம்,
6 பிப்ரவரி 1955

அன்புள்ள அண்ணாவுக்கு,

அஞ்சலாட்சி எழுதுகிறேன். சைகோனில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்ல உடம்போடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேலே இருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் புருவத்தை நெரித்திருப்பீர்கள். ஆமாம், நான் அத்தை வீட்டில் இல்லை. அப்பா போனபின் பூட்டிக் கிடந்த நம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வைகாசியில் எனக்கும் வேம்புவுக்கும் கல்யாணம் என்று அத்தை நாள் பார்த்துவிட்டார். தன் மகனைப் பற்றி அவருக்குப் பெருமை, அது நியாயம்தான். நானும் குறை சொல்லவில்லை. ஆனால் வாசகசாலையிலிருந்து நான் எடுத்து வந்த புத்தகத்தை வேம்பு கையில் தூக்கி எடை பார்த்து, "இத கிழிச்சா எத்தினி பொட்டலம் மடிக்கலாம்?" என்று கேட்டுச் சிரித்தார். அத்தையும் சேர்ந்து சிரித்தார். மறுநாளே என் பெட்டியைக் கட்டிவிட்டேன். அப்பாவின் வீடு ஒன்று இருக்கிறது என்ற தைரியம்தான். அது இல்லையென்றால் வேம்புவின் மளிகைக் கடைக்குப் பின்னால்தான் என் வாழ்க்கை.

வீடு மோசமாகத்தான் இருக்கிறது. பின்பக்கத்துச் சுவர் பாதி கரைந்துவிட்டது. ஓடு சரிந்து கூடத்தில் வெயில் விழுகிறது. வாசற்காலைச் செல் தின்றுவிட்டது, விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்கிறது. ஐப்பசி மழைக்கு முன் நானே சரிசெய்துவிடுவேன். நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்துக்கு வில்லியனூர் பஸ் இருக்கிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை. சாவி பக்கத்து வீட்டுக் கலியபெருமாளிடம் இருந்தது. நான் போய்க் கேட்டதும் அரைஞாண் கயிற்றிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் மனைவியைப் பார்த்தார். நீங்கள்தான் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனீர்களா?

உங்கள் அன்புத் தங்கை,
அஞ்சலாட்சி


சைகோன்,
1 மார்ச் 1955

என் அருமைத் தங்கை அஞ்சலாட்சிக்கு,

உன் கடிதம் கண்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வயசுப் பெண் தனியாக இடிந்த வீட்டில் இருப்பதா? அங்கே பாம்பு இருக்கும். செடி மண்டிய இடத்தில் கட்டாயம் இருக்கும். சாவியை நான்தான் கொடுத்துவிட்டு வந்தேன். அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அத்தையிடம் போ. அந்த வீட்டைப் பற்றி அவரிடம் பேச்சு ஒன்றும் வேண்டாம். எதுவானாலும் அண்ணன் நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேம்பு விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான். அதற்காக வீட்டை விட்டுப் புறப்படுவார்களா?

இங்கே எங்கள் துவான் சுங்க ஆபீசில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்களைப் பிரான்சுக்கு, மர்சேலுக்கு மாற்றுவார்களோ என்னவோ. அந்தக் கவலையோடு உன் கவலையும் சேர வேண்டுமா?

உன் நலமே நாடும் அண்ணன்,
பலராமன்


மூலக்குளம்,
27 மார்ச் 1955

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் போகவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். பாம்பு ஒன்றும் இல்லை. எருக்கஞ்செடியையும் முள்ளையும் வெட்டி எரித்தாயிற்று. அரிவாள் பிடித்துக் கை கொப்புளித்து, கரும்பலகையில் எழுதும்போது எரிகிறது.

ஆனால் இந்தக் கலியபெருமாள் விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. நான் கூப்பிடாமலே வருகிறார். மில்லில் இரவு வேலை முடிந்து வந்து ஒரு வாய் கூழ் குடித்துவிட்டு நேராக நம் சுவருக்கு வந்துவிடுகிறார். அவர் மனைவி சின்னப்பொண்ணு என்னோடு சேர்ந்து மண் மிதிக்கிறார். கூலி எவ்வளவு என்று கேட்டால், "அதெல்லாம் பேசாத பாப்பா, கால எடுத்து வை, மண்ணு காயுது" என்கிறார்.

அவர்களுக்கு நாய்கள் இரண்டு இருக்கின்றன. பெட்டை நாய் செவலை. இன்னொன்று பட்டாளத்து அதிகாரி போல நெஞ்சை நிமிர்த்தி நடப்பதால் கப்பித்தான் என்று பெயர். சுவரடியில் அவை மோந்து பார்த்துப் பறிக்கிற இடத்தில் எல்லாம் பெருச்சாளி வளை. அந்த இடங்களைக் கடப்பாரையால் தட்டினால் உள்ளே பொள்ளல். "கொத்தனாருக்குத் தெரியாதது கப்பித்தானுக்குத் தெரியுது பாரு" என்று கலியபெருமாள் சிரிக்கிறார். பொள்ளலை எல்லாம் செங்கல் ஜல்லி போட்டு அடைத்துவிட்டோம். நாய்கள் இல்லாவிட்டால் ஒன்றுமில்லாத சுவரின் மேல் கூரை ஏற்றியிருப்பேன்.

ஆனால் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது இதே நாய்கள் நம் வாசலில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் குரைக்கின்றன. அவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நாக்கைச் சொடுக்கினால்தான் எனக்கு வழி விடுகின்றன. என் வீட்டுக்குள் போக ஒருவர் எனக்கு உத்தரவு கொடுப்பது போல இருக்கிறது.

இன்னொன்று. தபால்காரர் உங்கள் கடிதத்தை அவரிடம்தான் கொடுத்திருக்கிறார். கொண்டு வந்து கொடுத்தவர் போகாமல் நின்றார். நான் பிரித்துப் படித்து முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணன் என்னா எழுதியிருக்குது?" என்று கேட்டார். "சௌக்கியமாம்" என்றேன். "வேற ஒண்ணும் எழுதலியா?" என்றார். படிக்கத் தெரியாத மனிதருக்கு என் கடிதத்தில் என்ன வேலை?

அப்பாவோடு அவருக்குப் பழைய தகராறு ஏதாவது உண்டா?

உங்கள் அன்புத் தங்கை,
அஞ்சலாட்சி


சைகோன்,
24 ஏப்ரல் 1955

என் அருமைத் தங்கைக்கு,

நான் சொன்னால் கேட்கமாட்டாய், அப்பாவின் பிடிவாதம் உனக்கு அப்படியே வந்திருக்கிறது.

தகராறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மனிதரை முழுக்க நம்பிவிடாதே. அப்பா இருந்த காலத்திலேயே அந்த இடத்தின் மேல் அவருக்கு ஒரு கண். கேட்காமல் வந்து மண் சுமக்கிறவன் சும்மா சுமக்கமாட்டான். அவர் எது சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே, என்னிடம் கேட்டுக்கொள். அந்த வீட்டில் உன் கையை வீணாக்காமல் அத்தையிடம் போய்விடுவதுதான் மரியாதை.

உனக்கு இங்கே ஒரு பட்டுத்துணி வாங்கி வைத்திருக்கிறேன், பச்சை நிறம். வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

உன் அண்ணன்,
பலராமன்


மூலக்குளம்,
22 மே 1955

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் எழுதியது சரி என்றே தோன்றுகிறது. அதன் பிறகு நான் பார்க்கும் ஒவ்வொன்றும் அதற்குச் சாட்சி சொல்கிறது.

பனஞ்சட்டம் மாற்றும்போது நான் சாதாரண மரம் போதும் என்றேன். கலியபெருமாள் கேட்கவில்லை. வயிரம் பாய்ந்ததாகத் தேடி வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பின்சுவரை நான் சொன்ன இடத்தில் எழுப்பவிடாமல் நான்கு முழம் தள்ளிக் கயிறு பிடித்தார்.

"இது எதுக்கு மாமா?" என்றேன்.

"மாடு கட்ட வேணாமா?"

"எனக்கு ஏது மாடு?"

"வூடுன்னு இருந்தா மாடு வராதா? நீ என்னா பாப்பா, புஸ்தகத்த கட்டிப் பால் கறக்கப் போறியா?"

சின்னப்பொண்ணு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ராத்திரி படுத்தபின் யோசித்தேன். என் வீட்டில் மாடு கட்டும் இடத்தைத் தீர்மானிக்க இவர் யார்?

போன வாரம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது கிணற்றுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தென்னம்பிள்ளை நட்டிருந்தது. சின்னப்பொண்ணு நட்டாராம், தண்ணீரும் ஊற்றியிருந்தார். அடுத்தவர் மண்ணில் யாராவது தென்னை நடுவார்களா? கீரை என்றால் சரி. தென்னை பிள்ளை பேரனுக்கு நிற்கிற மரம். நாளைக்கு, மரம் எங்களுடையது, மரம் நிற்கிற மண்ணும் எங்களுடையது என்று சொல்லத்தானே? உங்கள் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. பிடுங்கிவிட்டேன். வேலிக்கு மேலாக நீட்டி, "இதை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

சின்னப்பொண்ணு வேர் மண்ணைக் கையில் ஏந்தி வாங்கிக்கொண்டார். அன்று அவர் மண் மிதிக்க வரவில்லை. மறுநாள் வழக்கம் போல வந்துவிட்டார். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்தது வாசற்கால். தன் கொல்லையில் நின்ற வேப்பமரத்தையே வெட்டி ஆசாரியிடம் போட்டிருக்கிறார். ஆடி கழிந்து ஆவணியில் நிறுத்தலாம் என்கிறார். அதற்குள் நீங்கள் அவருக்கு ஒரு வரி எழுதினால் நல்லது. இது அப்பா ராஜாங்கத்தின் பிள்ளைகளின் வீடு என்று தெளிவாக எழுதுங்கள். நான் படித்துக் காட்டுகிறேன்.

உங்கள் தங்கை,
அஞ்சலாட்சி


சைகோன்,
3 ஜூலை 1955

அஞ்சலாட்சிக்கு,

தென்னம்பிள்ளையைப் பிடுங்கியது நல்ல காரியம். கெட்டிக்காரி.

அவருக்குத் தனியாக எழுதுவது இப்போது சரிப்படாது. வேலை இருக்கிறதா இல்லையா என்ற நிலையில் நான் இருக்கிறேன். வாசற்காலை மட்டும் நிறுத்தவிடாதே. எதையாவது சொல்லித் தள்ளிப்போடு. எனக்கு மர்சேலில் இடம் உறுதியானால் உன்னை அங்கே கூப்பிட்டுக்கொள்கிறேன். நீ படித்த பெண், அங்கே உனக்கு ஏற்ற புத்தகங்கள் எவ்வளவோ. அந்த வீட்டை மறந்துவிடு.

அண்ணன்,
பலராமன்


மூலக்குளம்,
28 ஆகஸ்டு 1955

அண்ணாவுக்கு,

வாசற்கால் நிறுத்தியாகிவிட்டது.

தள்ளிப்போடச் சொல்லியிருந்தீர்கள். காரணம் சொல்லியிருந்தால் தள்ளிப்போட்டிருப்பேன்.

வியாழக்கிழமை காலையில் நிறுத்தினோம். நான் தலைக்குக் குளித்து, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து தயாராக வைத்திருந்தேன். ஆசாரி நிலையைத் தூக்கி நிறுத்தி, முட்டுக்கொடுத்து, "வூட்டுக்காரங்க வந்து கட்டுங்க" என்றார். நான் முன்னால் போனேன். அதே நேரத்தில் இன்னொரு பக்கத்திலிருந்து சின்னப்பொண்ணுவும் முன்னால் வந்தார். அவரும் தலைக்குக் குளித்திருந்தார். அவர் கையிலும் மஞ்சள் துணி இருந்தது. இரண்டு பேரும் நின்றுவிட்டோம்.

"என்னா இது, இந்த வூட்டுக்கு ரெண்டு மொதலாளியம்மாவா?" என்று ஆசாரி சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. கலியபெருமாள் குனிந்து கப்பித்தானின் காதில் உண்ணி தேட ஆரம்பித்தார்.

"மாமா, இது யார் வீடு?" என்று கேட்டேன்.

"இப்ப எதுக்கு பாப்பா அது? நல்ல நேரம் போவுது, கட்டு."

"சொல்லித் தொலையேன்யா" என்றார் சின்னப்பொண்ணு. "அந்தப் பொண்ணு நம்மள திருடன்னு நெனச்சிக்கினு ஆறு மாசமா சோறு துன்னுது. எனக்கு மட்டும் உள்ள இருக்கிறது நெஞ்சு இல்லியா?"

அவர் சொன்னார். நாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கப்பல் ஏறுகிற மாதம் நீங்கள் வீட்டை அவருக்கு விற்றுவிட்டீர்கள். "தங்கச்சிக்கு நான் சொல்லிக்கிறேன், நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று கேட்டுக்கொண்டீர்கள். அவர் மகனுக்குக் கல்யாணம் செய்து இங்கே குடிவைப்பதாக இருந்தார்கள். அதற்குள் நான் பெட்டியோடு வந்து சாவி கேட்டேன்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றேன்.

"அண்ணன் தங்கச்சி நடுவுல நாங்க எப்படி பாப்பா பூந்து சொல்றது? ஒவ்வொரு தபாலுக்கும் பாத்துக்கினு நின்னேன். இதுல எழுதியிருக்கும், இதுல எழுதியிருக்கும்னு. உன் மூஞ்சி மாறவே இல்ல."

எனக்குக் கேட்பதற்கு இன்னும் ஒன்றுதான் இருந்தது. என்னை இத்தனை நாள் வேலை செய்யவிட்டது எதற்காக?

"இடிஞ்ச வூட்ட எப்படியும் கட்டத்தான் போறோம்" என்றார் சின்னப்பொண்ணு. "கூட ரெண்டு கை வந்துது. வேணாம்னா சொல்லுவாங்க?"

ஆசாரி முட்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, "கை கடுக்குது, யாராவது கட்டுங்க தாயே" என்று கத்தினார். நான் என் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு விலகினேன். சின்னப்பொண்ணு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "மண்ண மிதிச்ச காலு உன்னுது. அந்தப் பக்கம் நீ கட்டு, இந்தப் பக்கம் நான் கட்றேன்." அப்படியே கட்டினோம். என் முடிச்சு சரியாக விழவில்லை.

அன்று இரவு உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். எதிலும் "நம் வீடு" என்று நீங்கள் எழுதவில்லை. எல்லாவற்றிலும் "அந்த வீடு"தான். அது கூச்சத்தினால் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் புறப்பட்ட காலம் அப்படி, கை நெருக்கமாக இருந்திருக்கும். விற்றதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் மாதக்கணக்கில் எனக்காக மண் சுமந்த மனிதர் மேல் என்னைச் சந்தேகப்பட வைத்தீர்கள். உங்களை நம்பித்தான் அந்தத் தென்னம்பிள்ளையைப் பிடுங்கினேன். அதற்கு, "கெட்டிக்காரி" என்று எழுதினீர்கள். அந்தச் சொல்லைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

நேற்று கிணற்றுக்கும் சுவருக்கும் நடுவில் நானே குழி வெட்டினேன். கப்பித்தான் குழிக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தது, இழுத்துத்தான் எடுத்தோம். தென்னம்பிள்ளையைத் திரும்ப வாங்கி நட்டேன். ஒரு மட்டை வாடியிருக்கிறது, பிழைத்துவிடும் என்கிறார் சின்னப்பொண்ணு. அவர்கள் மகனுக்குக் கல்யாணம் முடியும் வரை நான் பின்னறையில் இருந்துகொள்ளலாம் என்கிறார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொள்வேன். அத்தை வீட்டுக்குப் போகமாட்டேன். மர்சேலுக்கும் வரமாட்டேன். பச்சைத்துணியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இனி நீங்கள் எழுதினால் உறையின் மேல், "ராஜாங்கம் வீடு" என்று எழுத வேண்டாம். "கலியபெருமாள் வீடு" என்று எழுதுங்கள். தபால்காரருக்கு வெகுநாளாகத் தெரியும்.

உங்கள் கடிதம் வந்தால் இனிமேல் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று கலியபெருமாளிடம் சொல்லிவிட்டேன். அதை மாடத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். மாட்டுக்கொட்டகைக்கு இன்னும் கீற்று போடவில்லை. மழைக்கு முன் முடிக்க வேண்டும். எனக்கும் அங்கேதான் வேலை இருக்கும்.

அஞ்சலாட்சி