ஒரு கைக்கு ஒரு கத்தியுறை

9.7.1964, வியாழன்

மீன்பிடிக்கும் அந்தோனி அண்ணைக்கு இடது கை இல்லை. ஒரு கையாலேயே கத்தியை உருவித் திரும்பச் செருகக்கூடிய தோலுறை வேண்டும் என்று போன கிழமை வந்து கேட்டார். "ஏலாது அண்ணை, உறையைப் பிடிக்க மற்றக் கை வேணும்," என்று அனுப்பிவிட்டேன். தோல் தைப்பது நான். பித்தளைப் பூண் போடுவது என் மனைவி றோசலின். அவளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று காலை குசினிக்குள் அடுப்படிக்குப் போனால், இடது கையை முதுகோடு கட்டிக்கொண்டு நிற்கிறாள். இடுப்பில் நான் தைத்த பழைய உறை. அதன் வாயில் புனல்போல விரிந்த பித்தளைப் பூண். நுனியில் தொடையோடு கட்ட ஒரு வளையம். கண்ணை மூடிக்கொண்டு கத்தியை உருவி உருவிச் செருகினாள். சேலையில் அங்கங்கே வெட்டு.

"எத்தினை நாளா இப்பிடிச் செய்யிறீர்?"

"அவர் வந்து போனதிலயிருந்து. இண்டைக்குத்தான் ஒரு தரமும் தவறேல்ல."

பின்னேரம் அந்தோனி அண்ணை வந்து அதைக் கட்டிப் பார்த்தார். முதல் தடவையே கத்தி உள்ளே போனது. "நாளைக்குக் கடலுக்குப் போவன். நல்ல கை தம்பி உமக்கு," என்றார். நான் தலையை ஆட்டினேன்.

றோசலின் தூங்கிவிட்டாள். அவர் வள்ளம் தள்ளுமுன் கரைக்குப் போய், செய்தது யார் என்று சொல்லிவிட வேண்டும்.