லேமினேஷன் செய்யப்பட்ட குடிமகன்

மார்ச் 3

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். குடியுரிமைச் சான்றிதழை லேமினேட் செய்துவிட்டேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. பிழைக்க வந்த நாட்டில் பதினான்கு வருடம் காத்திருந்து கிடைத்த காகிதம் கசங்கிவிடக் கூடாதே என்று, வேலை முடிந்ததும் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி ஆவண அறை மெஷினில் கொடுத்தேன். பளபளவென்று சுடச்சுட வந்தது. தலைச்சன் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று பாஸ்போர்ட் அலுவலகம். கவுன்டர் அம்மாள் அதைச் செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் தூக்கினாள்.

"இது செல்லாது சார்."

"பத்திரமாத்தானே வெச்சிருக்கேன்?"

"ரொம்பப் பத்திரம். முத்திரையைத் தடவிப் பாக்கவே முடியல. பின்னாடி படிச்சீங்களா?"

பின்னால் எறும்பு சைஸில் ஒரு வரி: பிளாஸ்டிக் உறையிடக் கூடாது. அந்த வரியையும் சேர்த்தே உறையிட்டிருக்கிறேன்.

பிறந்த நாட்டுப் பழைய பாஸ்போர்ட்டை மூலை வெட்டி ரத்து செய்தாயிற்று. புதியது கிடையாது. இரண்டு நாட்டுக்கும் நான் இப்போது அடுத்த வீட்டுக்காரன்.

அந்த அம்மாளுக்கு என்ன திமிர்! நானும் பதினொரு வருடமாகக் கவுன்டருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். "ஒரிஜினல் எங்க?" என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது வேறு. அவர்கள் முட்டாள்கள்.

மார்ச் 4

ஊரிலிருந்து தங்கை போன் செய்தாள். மே 22ஆம் தேதி பதிவுத் திருமணம். நாற்பத்து நான்கு வயதில் கல்யாணம்! அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது அவள். நான் மாதாமாதம் போனில் அறிவுரை அனுப்பினேன்.

"அண்ணா, சாட்சிக் கையெழுத்து நீதான் போடணும். என் பக்கம்னு சொல்ல வேற யாரு இருக்கா?"

"நான் இல்லாம உனக்குக் கல்யாணமா?" என்றேன். லேமினேஷன் பற்றி மூச்சு விடவில்லை.

மாப்பிள்ளை பூட்டுக் கடை வைத்திருக்கிறார். வாயும் கடைச் சரக்குதான். போனில் அவர் என்னிடம் இதுவரை பேசியது மொத்தம் இரண்டு சொல்: "சரிங்க." "வெச்சிடறேன்." இதற்கா இத்தனை வருடம் காத்திருந்தாள்?

மார்ச் 8

மச்சான் வந்தார். என் மனைவியின் தம்பி. உலகத்தில் அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று, தனக்கு எதுவும் தெரியாது என்பது.

"அத்தான், அயர்ன் பாக்ஸ் இருக்கா? லேசா சூடு காட்டினா பிளாஸ்டிக் உரிஞ்சு வந்துடும்."

உரிந்து வந்தது. முத்திரையும் கூடவே வந்தது. அரசாங்கத்தின் கையெழுத்தில் பாதி இப்போது பிளாஸ்டிக்கில் இருக்கிறது.

"சூடு கொஞ்சம் அதிகமாயிடுச்சு" என்றார். காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

மார்ச் 11

மாற்றுச் சான்றிதழுக்கு ஒரு ஃபாரம். பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, சேதமான ஒரிஜினல். ஏழாவது கேள்வி: "ஆவணம் சேதமடைந்த விதத்தை விளக்குக." நான்கு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.

"பாதுகாக்கும் பொருட்டு" என்று ஆரம்பித்தேன்.

எட்டிப் பார்த்த மனைவி சொன்னாள்: "தப்பை ஒத்துக்க ஒரு ஃபாரமா? நம்ம வீட்டுக்கும் நாலு வாங்கிட்டு வாங்க."

மார்ச் 12

ஃபாரத்தில் மச்சான் பெயரை எழுத இடம் இல்லை.

மார்ச் 20

மூன்று மாதம் ஆகுமாம். மூன்று மாதம்! ஜூனில் போய் யாருக்குச் சாட்சி சொல்வது — தம்பதி சண்டைக்கா?

அவசரம் என்றால் ஆதாரம் வேண்டும் என்றாள் கவுன்டர் அம்மாள். தங்கையிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. போனில் விசும்பல் மாதிரி ஒரு சத்தம். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருக்கிறாள்! பிறகு சிரிப்பு நின்றது.

"வந்துடுவியாண்ணா?"

"வந்துடுவேன்."

"அம்மாவுக்கும் இப்படித்தான் சொன்ன."



மார்ச் 23

பூட்டு மாப்பிள்ளை நேரில் போய்த் திருமண அறிவிப்பின் நகல் வாங்கி, முத்திரை வைத்து, கூரியரில் போட்டிருக்கிறார். கடையை ஒரு நாள் மூடினாராம். பெரிய தியாகம்! வியாபாரம் இருந்தால்தானே மூடுவது கஷ்டம்.

உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு: "நகல் இரண்டு. ஒன்று வீட்டில் இருக்கட்டும்." ஆக, எழுதினால் ஐந்து சொல் வருகிறது.

ஏப்ரல் 29

மாற்றுச் சான்றிதழ் வந்தது. மனைவி வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். நான் பார்க்கலாம், தொடக் கூடாது.

மதியம் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ. "சிரிக்காதீங்க சார்" என்றான் போட்டோக்காரன்.

"நான் சிரிக்கலியே, முகமே அப்படித்தான்."

"அப்ப வீட்டுக் கவலை ஏதாவது நெனச்சுக்கோங்க."

அம்மாவுக்குச் சொன்னதை நினைத்தேன். முதல் போட்டோவே சரியாக வந்துவிட்டது.

மே 18

வந்துவிட்டது! கவுன்டர் அம்மாளே எடுத்துக் கொடுத்தாள். "உறை கிறை போட்டுடாதீங்க சார்." பக்கத்துக் கவுன்டர் வரை சிரிப்பு. அற்பங்கள். நாளை மறுநாள் விமானம்.

மே 22

பதிவு அலுவலகத்தில் தங்கை என்னை முன்னால் தள்ளினாள். "சாட்சி எங்க அண்ணன்." குரலில் என்ன பெருமை!

எழுத்தர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். புதுப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"நீங்க இப்ப வெளிநாட்டுக்காரர் சார். சாட்சிக்கு இந்த நாட்டு அடையாள அட்டை வேணும்."

"நான் இவகூடப் பொறந்தவன்யா!"

"அண்ணனா இருங்க சார், யாரு வேணாங்கிறா? சாட்சியா இருக்க முடியாது."

 தங்கை என் சட்டைக் கையைப் பிடித்திருந்த பிடியை விடவில்லை. பூட்டு வெளியே போனார். எங்களை ஏற்றி வந்த டாக்சிக்காரரோடு திரும்பி வந்தார். பேனா நான்தான் கொடுத்தேன்.

ஃபாரத்தில் 'மணமகளுக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. டாக்சிக்காரர் தயங்கி, இதில் என்ன எழுதுவது என்று கேட்டார்.

"விட்டுடுங்க" என்றார் எழுத்தர். "அது கட்டாயம் இல்ல."