தெட்சுரோவின் எலும்பில் ஒரு துண்டு

அவோமோரி
2 செப்டம்பர் 2011

தங்கை ஷிகேவுக்கு,

இங்கே ஆப்பிள் பறிப்பு இன்னும் தொடங்கவில்லை. என் முழங்கால்தான் தொடங்கிவிட்டது. நீ சுகமா? உன் புருஷன் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கும்.

தெட்சுரோ மேடையேறும்போது கட்டிய சரிகைக் கச்சையைச் சுமோ அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், வந்து பார் என்று எழுதியிருந்தாய். பதினைந்து வயதில் என் பிள்ளையை உன் புருஷன் நடத்திய மல்லர் கூடத்தில் விட்டேன். பிறகு வாரிசு இல்லையென்று தத்துக் கேட்டீர்கள். "பேரத்தானே எழுதித் தரப்போற, பிள்ளை எங்கக்கா போயிடப்போறான்" என்றாய். நீலக் கிமோனோ உடுத்தி, என் முள்ளங்கி ஊறுகாயைத் தின்றுகொண்டே சொன்னாய். எனக்கு எதுவும் மறக்காது. நாற்பத்தொரு வயதில் அவன் நெஞ்சடைத்துப் போனபோது, எரித்து எடுத்த எலும்பைக் கலயத்தோடு உங்கள் வீட்டுக் கல்லறையில் வைத்துக்கொண்டீர்கள்.

வருகிறேன். கச்சைக்காக அல்ல. அவன் எலும்பில் ஒரு துண்டு பிரித்துக் கொடு. எங்கள் கல்லறையில் அவன் அப்பா பக்கத்தில் வைக்க வேண்டும். ஊரில் எல்லோரும் செய்வதுதானே.

உன் அக்கா
ஹட்சுயே


அவோமோரி
28 செப்டம்பர் 2011

ஷிகே,

டோக்கியோவிலிருந்து ஊர் வந்து சேர்ந்தேன். நீ வாங்கிக் கொடுத்த சோற்றுப் பெட்டியைப் பக்கத்துச் சீட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டேன்.

எங்கெல்லாம் இழுத்துப் போனாய். அசகுசா கோயிலில் சாம்பிராணிப் புகையை அள்ளி என் முட்டியில் தடவினாய். படகில் ஏற்றினாய். காபூகி நாடகத்தில் நீ அழுதாய், நான் தூங்கினேன். கல்லறைக்கு என்றால் மட்டும், "இன்னிக்கு மழைக்கா", "பிக்கு ஊர்ல இல்லக்கா".

அருங்காட்சியகம் என் ஆப்பிள் கிடங்கு அளவுகூட இல்லை. கச்சையில் நம் இவாகி மலை, உச்சிப் பனிக்கு வெள்ளை நூல். பக்கத்தில் அட்டையில் அவன் சிவப்பு மையில் பதித்த உள்ளங்கை. அதன் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். காவலுக்கு இருந்த பழைய மல்லன் ஓடிவந்தான்.

"பாட்டிம்மா, கண்ணாடியத் தொடக் கூடாது."

"தொட்டா என்ன, அவன் கை தேஞ்சிடுமா?"

சிரித்தான். உன்னைக் கண்டதும் இடுப்பு மடிய வணங்கினான். "அம்மா, அண்ணன் கச்சைய எவ்ளோ அழகா வெச்சிருக்காங்க பாத்தீங்களா?"

"எம்பிள்ளைக்கு வெள்ளைன்னா உசிரு" என்று நீ கண்ணைத் துடைத்தாய்.

அவன் என்னைப் பார்த்து, "இவங்க?" என்றான். நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ கைப்பைக்குள் எதையோ தேடினாய். கடைசியில் நானே சொன்னேன், அவனுடைய பெரியம்மா என்று.

அதையும் நீ மறுக்கவில்லை. இனிச் சுற்றி வளைக்காதே. எப்போது தருவாய்?

உன் அக்கா
ஹட்சுயே


டோக்கியோ
17 அக்டோபர் 2011

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டு எழுதத் துணிவில்லாமல் இருந்தேன்.

மழையெல்லாம் சாக்கு. போன வருஷம் இவர் தவறியபோது கல்லறைக்குள் கலயம் வைக்க இடமில்லை. கலயத்தில் இருப்பதைக் கீழே மண்ணில் கொட்டிவிடலாம், அதுவும் வழக்கம்தான் என்றார் பிக்கு. இருவரும் ஒன்றாக இருக்கட்டும் என்று இவருடையதையும் தெட்சுரோவுடையதையும் சேர்த்தே கொட்டச் சொன்னேன். நீ கேட்பாய் என்று அப்போது தோன்றவில்லை.

போன வாரம் ஆளை வைத்துக் கல்லை நகர்த்திப் பார்த்தேன். இரண்டு பேருக்குமே பெரிய உடம்பு. எது அவன், எது இவர் என்று எனக்கே தெரியவில்லை அக்கா.

ஷிகே


அவோமோரி
6 நவம்பர் 2011

ஷிகே,

படித்தேன். அன்று தோட்டத்துக்குப் போகவில்லை.

உன் புருஷன் என் பிள்ளையை மூங்கில் பிரம்பால் அடித்தவர். முதல் விடுமுறைக்கு வந்தவன் குளிக்கும்போது முதுகைப் பார்த்தேன். "படியில விழுந்துட்டேம்மா" என்றான். எந்தப் படியில் விழுந்தால் முதுகில் வரிவரியாகத் தழும்பு விழும்? அவரை எங்கள் கல்லறைக்குள் விடுவதில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவரை விட்டால்தான் அவன் வருவான் என்றால் என்ன செய்ய?

நீ எலும்பு பொறுக்க வேண்டாம். பொறுக்கினால் தப்பாகப் பொறுக்குவாய். ஒரு பிடி மண்ணாகவே அள்ளு, இருக்கிறபடியே. கூட அவர் வந்தால் வரட்டும். நான் போய்ச் சேர்ந்ததும் அவரிடம் பேசிக்கொள்கிறேன்.

நீ கொண்டுவர வேண்டாம், தபாலில் போடு. சீக்கிரம் போடு. இங்கே தரை உறைந்துவிட்டால் வசந்தம் வரை தோண்ட முடியாது.

ஹட்சுயே